"மே" என்றால் தருவோம் என்று அர்த்தமில்லை

(கொழும்பில் வேலை செய்யும் தோட்டத்துப் பிள்ளைகளுக்காகக் கொட்டாஞ்சேனையில் நடக்கும் ஞாயிறு ஆங்கில வகுப்பில் பேசியது. ஊரிலுள்ள பெற்றோரும் வாசிக்கட்டும் என்று எழுத்தில் தருகிறோம்.)



இலக்கணம் என்றதும் பாதிப்பேர் கதவைப் பார்க்கிறீர்கள். பயப்பட வேண்டாம், முதலில் ஒரு கதை சொல்கிறேன். எனக்கு அப்போது பத்தொன்பது வயசு. வெள்ளவத்தையில், காலி வீதியில் ஒரு புடவைக்கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஓரிடத்தில் லிகிதர் வேலைக்கு விண்ணப்பம் போட்டேன். ஆங்கிலத்தில் பதில் வந்தது, இரண்டே வரி. வெற்றிடம் வரும்போது என் விண்ணப்பம் "மே பி கன்சிடர்ட்" என்று எழுதியிருந்தது. கடையிலிருந்த அண்ணன் ஒருவர் வாசித்துவிட்டு, "கவனத்தில் எடுக்கலாம்னு போட்டிருக்கான், எடுப்பாங்கடா" என்றார். அடுத்த வாரமே முதலாளியிடம் கணக்கு முடித்துக்கொண்டேன். மூன்று மாதம் தபால்காரனைப் பார்த்தே போனது. நான் வீட்டுக்குக் காசு அனுப்ப வேண்டிய காலத்தில், அம்மா கொழுந்து பறித்த காசில் எனக்கு அனுப்பினாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த அண்ணன் சொன்ன மொழிபெயர்ப்பில் பிழையே இல்லை. "மே" என்றால் "லாம்"தான். "நீ போகலாம்" என்று கங்காணி சொன்னால் அது அனுமதி. "மழை வரலாம்" என்றால் மழைக்கு யாரும் அனுமதி கொடுக்கவில்லை; வந்தாலும் வரும், வராமலும் போகும். நம்முடைய "லாம்" செய்யும் இந்த இரண்டு வேலையையும் ஆங்கிலத்தில் "மே" செய்கிறது. எனக்கு வந்த கடிதத்தில் இருந்தது மழை வரலாம் என்கிற "லாம்". நான்தான் அதை வாக்குறுதியாகக் கேட்டுவிட்டேன். "வில் பி கன்சிடர்ட்" என்று இருந்தால் கவனிப்போம் என்று அர்த்தம். அதிலும்கூட வேலை தருவோம் என்று இல்லை!

இப்படி ஒரு வினைக்கு முன்னால் நின்று, அது எவ்வளவு நிச்சயம் என்று காட்டும் சின்னச் சொற்கள் ஆங்கிலத்தில் கொஞ்சம்தான்: மைட், மே, குட், கேன், ஷுட், மஸ்ட், வில், ஷல், வுட். அப்பா எங்கே என்று யாரோ கேட்கிறார்கள் என்று வையுங்கள். "லயத்துல இருந்தாலும் இருக்கலாம்" என்றால் மைட். "இருக்கலாம்" என்றால் மே, அல்லது குட். "செருப்பு வாசல்ல கிடக்கு, அப்போ உள்ளதான் இருக்கணும்" என்றால் மஸ்ட். "இந்நேரம் வீட்டுலதான் இருப்பார்" என்றால் வில். "மருந்து குடிக்கணும்" என்று கட்டாயத்துக்குச் சொல்லும் அதே "ணும்"தான் செருப்பைப் பார்த்து ஊகிக்கும்போதும் வருகிறது, கவனித்தீர்களா? ஆங்கில மஸ்டும் அப்படியேதான். மஸ்ட் என்றால் கட்டாயம் என்று மட்டும் பாடமாக்கி வைத்தவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுவார்கள்.

கேன் என்ற சொல்லுக்கு வெள்ளவத்தைப் பக்கம் "ஏலும்" என்பார்கள், நாம் "முடியும்" என்போம், சிங்களத்தில் "புளுவன்". ஏப்ரலில் நுவரெலியாவில் மழை பெய்யும் தன்மை உண்டு என்று பொதுவாகச் சொல்ல கேன் பொருந்தும். இன்றைக்கு மழை வருமோ என்று சந்தேகமாகச் சொல்ல கேன் சரிவராது. மே அல்லது மைட்தான் வேண்டும்.

எதிர்மறைக்கு வந்தால் வழுக்கல் கூடுதல். நம் பேச்சிலேயே பாருங்கள். "வரக்கூடும்" என்றால் சந்தேகம், "வரக்கூடாது" என்றால் தடை. எங்கேயிருந்து எங்கே போய்விட்டது! ஆங்கிலத்தில் "ஹி மே நாட் கம்" என்றால் பெரும்பாலும் அவர் வராமல் இருக்கலாம் என்று அர்த்தம். அதே "மே நாட்" ஓர் அறிவிப்புப் பலகையிலோ விதிமுறையிலோ இருந்தால் கூடாது என்று அர்த்தம். இடம் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். "கான்ட் பி" என்றால் சந்தேகமே இல்லை, இருக்கவே முடியாது. மேற்பார்வையாளரிடம் நாளைக்கு "மே நாட் கம்" என்று சொல்லிவிட்டு லீவு எடுக்காதீர்கள். வந்தாலும் வருவான் என்று அவர் வேலையைப் பிரித்து வைத்திருப்பார். "கான்ட் கம்" என்று சொல்லுங்கள்.

மருந்துப் போத்தலில் "மே காஸ்" என்று போட்டு, தூக்கம் வரும் என்று எழுதியிருந்தால், எல்லோருக்கும் வரும் என்று இல்லை, உங்களுக்கு வந்துவிடலாம் என்றுதான். குடித்துவிட்டு இயந்திரத்துக்குப் பக்கத்தில் போகாமல் இருந்தால் சரி.

இனி சட்டத்துக்கு வருவோம். நம் ஆட்களுக்கு இந்தச் சொற்கள் அதிகம் விளையாட்டுக் காட்டிய இடம் அதுதான். சட்டத்தில் "மே" என்றால் செய்யலாம், செய்யாமலும் விடலாம். "ஷல்" என்றால் செய்தே ஆக வேண்டும். 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தில் நம்மவர்கள் வெளியே நின்றார்கள். அடுத்த வருஷம், 1949இல், இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் வந்தது. பதிவு கேட்டு விண்ணப்பிக்கலாம், நிபந்தனைகளை நிரூபிக்க வேண்டும். அது "மே"யின் உலகம். எட்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் போனதில் ஏறத்தாழ ஒரு லட்சத்து முப்பத்து நாலாயிரம் பேருக்குத்தான் கிடைத்தது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். 1964 அக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினரும் அவர்கள் வழிவந்தவர்களும் பிரஜைகள் என்று "ஷல்" போட்டே எழுதியிருக்கிறது. அந்த ஒரு சொல்லுக்கு ஐம்பத்து நாலு வருஷம் காத்திருந்தோம்.

உங்கள் சம்பளத்துண்டிலும் இது இருக்கிறது. ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958ஆம் ஆண்டினது. தொழிலாளி எட்டு வீதம், தொழில்கொள்வோர் பன்னிரண்டு வீதம், அடுத்த மாதம் முடிவதற்குள் கட்டியாக வேண்டும். அது ஷல். முதலாளி மனசு வைத்தால் என்று அங்கே பேச்சே இல்லை. 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டமும் அப்படித்தான். பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருஷம் முடித்து விலகுபவருக்கு, மாதச் சம்பளக்காரர் இல்லையென்றால், வருஷத்துக்குப் பதினான்கு நாள் சம்பளம். இதை யாராவது "தரலாம், பார்ப்போம்" என்றால் அவர் சட்டத்தில் இல்லாத "லாம்" ஒன்றை நுழைக்கிறார். வாங்கும் பக்கத்தில் சிலவேளை "மே" வரும். அங்கே அது உங்கள் விருப்பம். நீங்கள் கேட்டால்தான் கிடைக்கும்.

கடைசியாக, லயத்தில் இருப்பவர்களுக்கு. மழைக்காலத்தில் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் விடும் அறிவித்தலில் "மண்சரிவு ஏற்படலாம்" என்று வரும். அனுமதிக்கும் "லாம்" இல்லை அது, எனக்கு வந்த கடிதத்து "லாம்" மாதிரி அலட்சியமாக எழுதியதும் இல்லை. அறிவித்தல் மூன்று நிலை: மஞ்சள் என்றால் விழிப்பாக இருங்கள், செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராகுங்கள், சிவப்பு என்றால் உடனே வெளியேறுங்கள். சிவப்பில் "லாம்" தேடக்கூடாது. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 காலையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. 2005இலும் 2011இலும் அந்த இடம் ஆபத்து என்று எச்சரிக்கை இருந்தது. சனங்களுக்கு "லாம்" விளங்கவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். போவதற்கு வேறு வீடு இருக்கவில்லை. "போயிருக்கலாமே" என்று பிறகு சொல்வது சுலபம். அந்த "இருக்கலாம்" இன்னொரு வகை: நடந்திருக்க முடியும், நடக்கவில்லை. ஆங்கிலத்தில் அதற்கு "குட் ஹேவ்", "மைட் ஹேவ்". அதை அடுத்த ஞாயிறு பார்ப்போம்.

இப்போது, கடிதம், சம்பளத்துண்டு, மருந்துத் துண்டு எது கொண்டுவந்திருந்தாலும் மேசையில் வையுங்கள். முதலில் அந்தச் சின்னச் சொற்களுக்குக் கீழே மட்டும் பென்சிலால் கோடு போடுவோம்.