ஐகானைத் தேடுறதுக்குள்ள பறவை போயிடும்

போன டிசம்பர்ல கோடியக்கரையில, மைக்கும் லேப்டாப்புமா உட்கார்ந்திருந்தேன். பூநாரைக் கூட்டம் கத்திக்கிட்டே தலைக்கு மேல போகுது. நிரம்பி வழியுற டெஸ்க்டாப்ல ஆடாசிட்டி ஐகானைத் தேடி முடிக்கிறதுக்குள்ள சத்தம் ஓய்ஞ்சுடுச்சு.

அன்னிக்கு ராத்திரியே ஒரு வேலை செஞ்சேன். விண்டோஸ்தானே? ஐகானை ரைட் கிளிக் பண்ணி பிராப்பர்ட்டீஸ் போங்க. ‘ஷார்ட்கட் கீ’ கட்டத்துல ‘ஏ’ அழுத்தினா, கன்ட்ரோல், ஆல்ட், ஏ-ன்னு தானா விழும். ஓகே கொடுங்க. இனி அந்த மூணையும் சேர்த்து அழுத்தினா ஆடாசிட்டி திறக்கும். அடுத்து ‘ஆர்’ தட்டினா ரெக்கார்டிங் ஓடும். ஒண்ணு மட்டும் கவனம்: டெஸ்க்டாப்பைச் சுத்தம் பண்றேன்னு அந்த ஐகானை அழிச்சா, ஷார்ட்கட்டும் போயிடும்.

மறுநாள் காலையில கூட்டம் திரும்ப வந்துச்சு. இப்ப நீங்க கேட்கப்போறது அந்தச் சத்தம்தான்.