பட்டத்திற்கும் பணிக்கும் இடையே

(அறக்கட்டளையின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



தமிழாசிரியரை அழைத்தால் சிந்தாமணியைப் பற்றிப் பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நானும் அதற்குத்தான் குறிப்பு எழுதி வைத்திருந்தேன். பரிசு பெறுவோர் பட்டியலைச் செயலர் அனுப்பிய பின் அக்குறிப்பை மடித்து வைத்துவிட்டேன். பட்டியலில் பெயர் இருந்தது, பட்டம் இருந்தது, மதிப்பெண் இருந்தது. படிக்கும் காலத்தில் எங்கேனும் சென்று வேலை பழகினாரா என்பதற்கு மட்டும் ஒரு கட்டம் இல்லை. அந்தக் கட்டத்தைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். பிள்ளைகள் இதனை 'இன்டர்ன்ஷிப்' என்பார்கள். நான் பணிப்பயிற்சி என்கிறேன்.

எம்.ஏ. முடித்துப் பி.எட். சேர்ந்தபோது, தொல்காப்பியம் கற்றவனுக்கு ஆறாம் வகுப்புப் பாடம் எம்மாத்திரம் என்ற இறுமாப்பு எனக்கு இருந்தது. கற்பித்தல் பயிற்சிக்கு ஓர் அரசுப் பள்ளிக்கு அனுப்பினார்கள். முதல் நாள் நாற்பது நிமிடத்திற்கு எழுதிச் சென்ற பாடம் பதினைந்து நிமிடத்தில் தீர்ந்துவிட்டது. எஞ்சிய இருபத்தைந்து நிமிடத்தை எப்படிக் கழித்தேன் என்பதை இப்போது சொன்னாலும் வெட்கமாக இருக்கும். பின்வரிசையில் அமர்ந்திருந்த வழிகாட்டி ஆசிரியர் என் குறிப்பேட்டில் எழுதியது ஒரே ஒரு குறைதான்: கரும்பலகையைப் பார்த்தே பேசுகிறாய், பிள்ளைகளைப் பார். பல்கலைக்கழகத்தில் எவரும் இதனை எனக்குச் சொன்னதில்லை. சொல்லவும் முடியாது, அங்கே என் முன்னால் பிள்ளைகள் இல்லையே! இன்று பி.எட். ஈராண்டுப் படிப்பாகிவிட்டது. அதில் பள்ளிப் பயிற்சி மட்டும் இருபது வாரம். நல்ல மாற்றம் என்றே சொல்வேன்.

நன்னூல் செய்த பவணந்தி முனிவர் இதற்கு ஒரு கணக்கே வைத்திருக்கிறார். ஆசிரியர் சொல்வதை மாணவன் எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் புலமையில் கால் பங்குதான் கைவருமாம். அதே வினையில் இருப்பவர்களோடு பழகுவதால் இன்னொரு கால் பங்கு. எஞ்சிய அரைப் பங்கு, தான் கற்றதைப் பிறர்க்கு உரைக்கும்போது வருமாம். நூற்கல்வியைப் பற்றிச் சொன்ன கணக்கு இது. ஆயினும் தொழிற்கல்விக்கு இதைவிடப் பொருந்தும் கணக்கை நான் கண்டதில்லை. கல்லூரி தருவது முதற்கால். அதை முழுமை என்று எண்ணிக்கொண்டு பிள்ளை நேர்காணலுக்குப் போகிறான்.

இனி, நான் செய்த ஒரு பிழையைச் சொல்ல வேண்டும்.

என் தங்கை மகன் இயந்திரவியல் படித்தான். மூன்றாம் ஆண்டு விடுமுறையில் ஏதேனும் ஒரு தொழிற்சாலையில் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் தர வேண்டும் என்று கல்லூரியில் சொன்னார்கள். வெயில் காலம்; வீட்டில் அறுவடை வேலை வேறு. எனக்குத் தெரிந்த ஒருவர் சிறு பட்டறை வைத்திருந்தார். அவரிடம் பேசிச் சான்றிதழை வாங்கிக் கொடுத்தது நான்தான். பையன் ஒரு நாளும் அங்கே கால் வைக்கவில்லை. ஆறு வாரத்தை மிச்சப்படுத்திக் கொடுத்ததாகப் பெருமைப்பட்டேன்.

அடுத்த ஆண்டு நேர்காணலில் அதிகாரி அந்தச் சான்றிதழை எடுத்து வைத்துக்கொண்டு, "அங்கே காலையில் போனவுடன் முதலில் என்ன வேலை செய்வீர்கள்?" என்று கேட்டாராம். மதிப்பெண் எண்பத்து மூன்று விழுக்காடு வைத்திருந்த பிள்ளை வாய் திறக்கவில்லை. அவர் கடிந்து ஒரு சொல்லும் சொல்லாமல் தாளைத் திருப்பித் தந்துவிட்டார். அன்றிரவு அவன் என்னிடம், "மாமா, என்னை அனுப்பியிருக்கலாமே" என்றான். அவ்வளவுதான். கோபமாகப் பேசியிருந்தால் நானும் ஏதேனும் மறுமொழி சொல்லியிருப்பேன்.

ஒன்றரை ஆண்டு வேலையில்லாமல் இருந்தபின், வாகன உதிரிபாகம் செய்யும் ஓர் ஆலையில் தொழில் பழகுநராகச் சேர்ந்தான். முதல் மாதம் தள்ளுபடியான பாகங்களைப் பிரித்து வைப்பதுதான் வேலை. எனக்கு வருத்தம், பொறியியல் படித்தவனுக்குக் குப்பை பிரிக்கும் வேலையா என்று. அங்கிருந்த மேற்பார்வையாளர் ஒவ்வொரு பாகத்தையும் அவனையே மைக்ரோமீட்டரால் அளக்கச் சொல்லி, ஏன் தள்ளுபடியாயிற்று என்று எழுத வைத்தார். குறிப்பேடு நிறைந்தது. ஓராண்டு முடிந்ததும் அந்த ஆலை அவனுக்கு வேலை தரவில்லை. ஆனால் அடுத்துப் போன நேர்காணலில் அந்தக் குறிப்பேட்டைப் பற்றி மட்டும் அரைமணி நேரம் பேசியிருக்கிறான். அங்கே வேலை கிடைத்தது.

இம்முறை புதியதன்று. 1906இல் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்னும் பேராசிரியர் 27 மாணவர்களை ஒரு வாரம் வகுப்பிலும் மறுவாரம் தொழிற்சாலையிலும் மாறி மாறி வைத்துத் தொடங்கினார். நம் நாட்டில் தொழில் பழகுநர் சட்டம் 1961இல் வந்தது. 1973இல் பொறியியல் பட்டதாரிகளையும், 2014இல் பிற துறைப் பட்டதாரிகளையும் அதில் சேர்த்தார்கள். பி.ஏ., பி.காம். படித்தவர்களுக்கும் வழி உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 2019இல் திருத்திய விதி பட்டதாரிக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய் உதவித்தொகை என்று வகுத்தது. தேசியப் பழகுநர் பயிற்சித் திட்டத்தில் அக்குறைந்தபட்சத் தொகையில் பாதியை மைய அரசு ஏற்கிறது. தென்மண்டலத்திற்கான வாரியம் சென்னைத் தரமணியில் இருக்கிறது. பயிற்சி முடிந்ததும் வேலை தந்தே ஆகவேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. அதையும் அறிந்தே சேர வேண்டும்.

பணிப்பயிற்சி என்ற பெயரில் தேநீர் வாங்கி வரவும் நகல் எடுக்கவும் மட்டும் பிள்ளைகளை வைத்திருக்கும் இடங்கள் உண்டு. பயிற்சி தருகிறோம் என்று பிள்ளைகளிடமே பணம் கேட்பவர்களும் உண்டு. ஆகவே சேருமுன் இரண்டு கேள்வி கேளுங்கள்: என்ன வேலை தருவீர்கள்? செய்ததைத் திருத்துபவர் யார்? இரண்டாவதற்கு விடை இல்லையென்றால் அங்கே போக வேண்டாம்.

தாய்மார்களுக்கு ஒன்று. பெண்பிள்ளையை ஆறு வாரம் வெளியூரில் எப்படி விடுவது என்று கேட்கிறீர்கள். அது வீண் அச்சம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இந்த அவையிலேயே பத்து ஊர்க்காரர்கள் இருக்கிறோம். சென்னையில் உறவில்லாத வீடு நம்மிடையே எத்தனை? மதிப்பெண் குறைந்த தம்பி போய் வருகிறான், முதல் வகுப்பு வாங்கிய அக்காள் வீட்டில் இருக்கிறாள். இதை மூன்று வீடுகளில் கண்டேன்.

வணிகமும் தணிக்கை அலுவலகமும் நடத்தும் பெரியோர்களே, உங்களிடம் சான்றிதழ் கேட்டு என்னைப் போன்ற மாமன்மார் வருவார்கள். தாளைக் கொடுத்து அனுப்பாதீர்கள். பையனை வரச்சொல்லுங்கள். சரக்கு இருப்பேட்டை அவன் கையால் எழுதச் சொல்லுங்கள், தவறினால் திருத்துங்கள்.

செயலரிடம் கேட்டுக்கொண்டதன் பேரில், உணவுக்கூட வாயிலில் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறார்கள். கோடை விடுமுறையில் எத்தனை பிள்ளைகளுக்கு, என்ன வேலை பழக்க முடியும் என்பதை எழுதிச் செல்லுங்கள். முதல் வரியில் என் தங்கை மகன் எழுதியிருக்கிறான்: இருவர், அளவைப் பிரிவு, ஆறு வாரம், மதிய உணவு உண்டு.