வேலியோரத்து இரசிகர்கள்

(சங்கத்தின் மாலைக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



இந்து வாலிபர் மேடையில் உதைபந்தாட்டத்துக்கு என்ன வேலை என்று பெரியவர் சிலர் எண்ணக்கூடும். விவேகானந்த சுவாமிகள் 1897 இல் சென்னையில் பேசியபோது கீதையையும் உதைபந்தையும் சேர்த்துச் சொன்ன வார்த்தையை ஆதாரமாகக் காட்டுவது நமது வழக்கம். அதைச் சொல்லிச் சொல்லி நாம் தேய்த்துவிட்டோம்; இன்று அது வேண்டாம். நாம் பேசப் போவது ஆடியவர்களைப் பற்றியும் அன்று, பார்த்தவர்களைப் பற்றி. வேலியோரம் நின்று தொண்டை கட்டக் கத்தியவர்களைப் பற்றி.

சந்தாங்கேணி மைதானத்தில் பெரிய ஆட்டம் என்றால், காலையிலேயே ஒலிபெருக்கி கட்டிய கார் ஒன்று தெருத்தெருவாகப் போகும். பிள்ளைகள் துண்டுப் பிரசுரத்துக்காக அதன் பின்னால் ஓடுவார்கள். கட்டண ஆட்டமாயின் கிடுகு வேலி எழும்பும். கிடுகு வேலிக்குக் கண் உண்டு. காசில்லாதவன் அந்தக் கண்ணுக்குத் தன் கண்ணை வைப்பான். உள்ளே போனவர்கள் செருப்பைக் கழற்றி மணலில் போட்டு அதன் மேல் உட்கார்ந்தோம். கச்சான்காரர் சுருளைக் கொடுத்துவிட்டுச் சில்லறையை மறந்தது போல் நிற்பார். ஆட்டம் சூடு பிடித்தால் நாமும் மறந்துவிடுவோம். அது அவருக்குத் தெரியும்.

எந்த ஊரானும் எவர் பக்கத்திலும் இருந்தான். “கொஞ்சம் அங்கால தள்ளுங்க காக்கா, பின்னுக்கு மறைக்குது” என்றால், “வாங்க தம்பி, முன்னுக்கு வந்து இரிங்க” என்று இடம் விடுவார்கள். அவர் மருதமுனையோ சாய்ந்தமருதோ, நாம் பாண்டிருப்போ காரைதீவோ, பந்து நடுவில் வைக்கப்பட்ட பின் அந்தக் கேள்வி இல்லை. கேள்வி ஒன்றுதான்: நீ எந்தப் பக்கம்?

நமது கரையின் ஆட்டத்துக்கு ஒரு கடிகாரம் உண்டு. அஸர் தொழுகை முடிந்தால் ஆட்டம் தொடங்கும். மஃரிப் பாங்கு கேட்குமுன் முடிந்தாக வேண்டும். சூரியன் நம் நாட்டில் ஆண்டு முழுவதும் ஆறு மணியைச் சுற்றியே மறைகிறான். தொண்ணூறு நிமிடத்தையும் இடைவேளையையும் அதற்குள் அடக்க வேண்டும். நமது கோவில்களின் மாலைப் பூசைக்கும் அதே நேரம் பொருந்திவிடும். தோற்றுக்கொண்டிருக்கும் அணி காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தால், “பாங்கு சொல்லப் போகுது, எழும்பு!” என்று நான்கு பக்கமும் குரல் வரும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் எந்தப் பக்கம் எடுப்பது என்பதே பாதி ஆட்டம். மாரி தொடங்கினால் மைதானம் குளமாகிவிடும். பிறகு தை கழிய வேண்டும்.

இந்தக் கடிகார விஷயம் நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் லங்காஷயர் என்ற பகுதி பருத்தி ஆலைகளின் நாடு. அங்கே சனிக்கிழமை நண்பகலோடு ஆலைகள் மூடப்பட்ட பின்னரே தொழிலாளிக்கு ஆட்டம் பார்க்க ஓர் அரை நாள் கிடைத்தது. சனி பிற்பகல் மூன்று மணி என்ற ஆட்ட நேரம் பிறந்தது அப்படித்தான். 1883 இல் பிளாக்பேர்ன் ஒலிம்பிக் என்ற அணி, கனவான்களின் கல்லூரியிற் கற்றோர் அணியான ஓல்ட் ஈற்றோனியன்ஸை 2–1 என்று வென்று இங்கிலாந்தின் சங்கக் கிண்ணத்தை எடுத்துப் போயிற்று. அந்த அணியில் நெசவாளரும் நூல் நூற்பவரும் இருந்தனர். மருதமுனைத் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த நமக்கு இது அந்நியமான செய்தி அன்று. தறியை விட்டு எழுந்தவன் பந்துக்கு ஓடுவான் என்பது இங்கேயும் கண்ட காட்சிதானே!

ஆட்டக்காரனுக்குக் கூலி கொடுக்கலாம் என்று 1885 இல் அங்கே சட்டப்படி ஒப்புக்கொண்டார்கள். கூலி கொடுப்பதாயின் காசு வர வேண்டும். காசு வருவதாயின் இரசிகன் வாரந்தோறும் வர வேண்டும். ஆனால் குறித்த நாளில் எதிர் அணி வாராமல் விடுவது அக்காலத்தில் சர்வ சாதாரணம். இந்த அனுபவம் நம்மிடமும் ஏராளம் உண்டு. நான்கு மணி, நாலரை, ஐந்து என்று காத்திருந்து, “வான் வழியில் நின்றுவிட்டதாம்” என்ற அறிவிப்போடு வீடு திரும்பிய மாலைகளை யார் மறப்பார்? அந்த வயிற்றெரிச்சலுக்கு அங்கே மருந்து தேடியவர், பர்மிங்ஹாம் நகரில் துணிக்கடை வைத்திருந்த வில்லியம் மக்கிரெகர். ஒவ்வொரு அணியும் மற்ற ஒவ்வொன்றோடும் தன் மைதானத்தில் ஒரு முறை, அடுத்தவன் மைதானத்தில் ஒரு முறை, குறித்த நாளில் ஆடியே தீர வேண்டும் என்று 1888 மார்ச்சில் கழகங்களுக்குக் கடிதம் எழுதினார். அதே ஆண்டு செப்டெம்பரில் பன்னிரண்டு கழகங்களோடு லீக் ஆட்டம் தொடங்கிற்று. முதற் பருவத்தில் பிரஸ்டன் அணி இருபத்திரண்டு ஆட்டங்களிலும் தோற்கவேயில்லை. ‘சொந்த மைதான ஆட்டம்’ என்ற சொல்லுக்கு உயிர் வந்தது இந்த ஏற்பாட்டினால்தான். இன்ன சனிக்கிழமை நம்மவன் நம் ஊரில் ஆடுவான் என்ற நம்பிக்கை இரசிகனுக்குக் கிடைத்தது. கல்முனையின் துணிக்கடை முதலாளிமார் இதைச் சற்றுக் கவனிக்க வேண்டும்!

நமக்கு அருகில் கல்கத்தாவைப் பாருங்கள். 1911 ஜூலை 29 இல் மோகன் பகான் அணி, ஒருவரைத் தவிர எல்லோரும் வெறுங்காலோடு ஆடி, சப்பாத்து அணிந்த வெள்ளைப் பட்டாளத்து அணியை 2–1 என்று வென்றது. 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் கல்கத்தா லீக்கை வென்றது மொஹமடன் ஸ்போர்ட்டிங் கழகம். இந்துவின் கழகம், முஸ்லிமின் கழகம் என்று பெயரளவிற் பிரிந்திருந்தாலும், கல்கத்தாவை உதைபந்துப் பைத்தியமாக்கியதில் இரண்டுக்கும் பங்குண்டு. எதிர் அணி இல்லாவிட்டால் ஆட்டம் ஏது?

இனிச் சொல்ல வேண்டியது கசப்பானது. 1990 இல் இக்கரையில் நடந்தவை இந்தச் சபையில் மூத்தோர் அறிந்தவை. அதன் பின் பல காலம் பக்கத்து ஊர் மைதானம் பத்து நிமிடச் சைக்கிள் தூரத்தில் இருந்தும் வேறு நாடாயிற்று. ஊரடங்கு மாலையில் ஆட்டம் ஏது, இரசிகர் ஏது? அந்த ஆண்டுகளில் வளர்ந்த பிள்ளைகள், காக்காவிடம் ‘தள்ளுங்க’ என்று கேட்கும் உரிமையை அறியாமலே மீசை வளர்ந்துவிட்டார்கள். பிறகு 2004 டிசெம்பர் 26. பாண்டிருப்பிலும் மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் கடல் எடுத்துப் போனவர்களில் நம்மோடு கோட்டோரம் உட்கார்ந்திருந்த முகங்கள் எத்தனை! கடல் ஊர் கேட்டு வரவில்லை.

இலங்கை உதைபந்தாட்டத்தின் பெரிய நாட்கள் நமக்குத் தொலைவிலேயே நடந்தன. 1952 இல் நாடு பீபாவில் சேர்ந்தது. 1995 இல் கொழும்பில் நடந்த தெற்காசியக் கிண்ண இறுதியாட்டத்தில் இலங்கை இந்தியாவை 1–0 என்று வென்றது. அந்தச் சந்தோஷத்தில் நமக்கு வந்தது செய்தி மட்டுமே. 2018 இல் வடக்கு கிழக்கு பிரிமியர் லீக் நடந்தபோது அம்பாறையின் பெயர் தாங்கியும் ஓர் அணி இறங்கிற்று. நம் மாவட்டத்தின் பெயரை ஒரு சட்டையில் கண்டபோது நமக்கு ஏற்பட்ட கர்வம், அவ்வணியின் வெற்றி தோல்விக்கு அப்பாற்பட்டது. 2021 இல் பத்துக் கழகங்களோடு நாட்டின் முதலாவது தொழில்முறை லீக்கான சுப்பர் லீக் தொடங்கிற்று. பெருந்தொற்று அதை இடையில் நிறுத்தியது, பின்னர் தொடர்ந்தது. அதை நம் வாலிபர் கைத்தொலைபேசியிற் பார்த்தார்கள். ஆளுக்கொரு திரை, காதில் ஒரு குழாய். கோல் விழுந்தால் கட்டிப்பிடிக்கப் பக்கத்தில் ஆளில்லை.

பார்க்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் திரையில் ஆடுகிறவனுக்கு நமது குரல் கேட்காது. சந்தாங்கேணியில் ஒருவன் பந்தை விட்டால் அவன் தாய்மாமன் பெயர் சொல்லி ஏசலாம். அடுத்த நாள் சந்தையில் அவனே தேநீர் வாங்கித் தருவான். சொந்த மைதானம் என்பதற்கு நாம் அறிந்த இலக்கணம் அதுவே.

ஆகையால் செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். நமது கரையின் பழைய ஆட்டங்களின் கணக்கு பெரும்பாலும் முதியோர் நெஞ்சிலேயே கிடக்கிறது. எந்த ஆண்டு, எந்த அணி, யார் அடித்த கோல், எந்த மத்தியஸ்தர் ஓடி ஒளிந்தார் என்பதெல்லாம் அவர்களோடு போய்விடும். அடுத்த ஆண்டு மலரில் இதற்கென்று நான்கு பக்கம் ஒதுக்குங்கள். வாலிபர் இருவர் இருவராக ஒரு கொப்பியோடு போய் எழுதி வாருங்கள். நமது வீடுகளுக்கு மட்டும் போனால் பாதி ஆட்டந்தான் கிடைக்கும். எதிர் அணியின் பாதி மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் இருக்கிறது. அங்கும் போங்கள். அஸருக்குப் பின் போவது நல்லது. அந்த நேரத்தில் பெரியவர்கள் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். கச்சான் ஒரு சுருள் கொண்டு போங்கள்.