ஜெர்மனியின் நவம்பர் 9

ஜெர்மனியின் வரலாற்றில் நவம்பர் 9 போல இன்னொரு தேதி கிடையாது. 1848, 1918, 1923, 1938, 1989 ஆகிய ஐந்து ஆண்டுகளிலும் அந்த மக்களின் போக்கையே திருப்பிய நிகழ்ச்சிகள் இதே நாளில் நடந்தன. விதியின் நாள் என்றுகூட ஜெர்மானியர் இதைச் சொல்வதுண்டு. ஆனால் விதியின் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு நகர முடியாத நாள் இது. 1923இல் நடந்தது 1918ஐப் பழிவாங்கப் புறப்பட்ட படை. 1938இல் எரிந்தது 1923இன் நினைவு விருந்தில் மூட்டிய தீ. 1918க்குப் பிறகு தற்செயலாக வந்து இந்தத் தேதியில் விழுந்தது 1989 மட்டுமே என்று சொல்லலாம். அதற்குள்ளும் மனிதர் எடுத்த முடிவு ஒன்று இருக்கிறது.

முதலில் பலியானவர் ராபர்ட் புளூம். ஏழைக் குடும்பத்தில் 1807இல் கொலோன் நகரத்தில் பிறந்து, லைப்சிக் நகரின் நாடக அரங்கில் கணக்கு எழுதிப் பிழைத்து, பிறகு மக்கள் தலைவராக உயர்ந்தவர். 1845இல் லைப்சிக்கில் படையினர் கூட்டத்தைச் சுட்டபோது, கொதித்தெழுந்த மக்களை வன்முறைப் பக்கம் போகவிடாமல் தடுத்து நிறுத்தியவரும் அவர்தான். 1848இல் ஜெர்மன் நிலங்கள் அனைத்துக்குமாகக் கூடிய ஃபிராங்பர்ட் நாடாளுமன்றத்துக்கு அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அக்டோபரில் வியன்னா மக்கள் ஆஸ்திரியப் பேரரசை எதிர்த்து எழுந்தபோது ஆதரவுச் செய்தியோடு அங்கே போனார். பேரரசின் படை நகரைப் பிடித்தது. நாடாளுமன்ற உறுப்பினர் என்ற பாதுகாப்பு செல்லவில்லை. நவம்பர் 9 காலையில் வியன்னாவின் பிரிகிட்டெனாவ் பகுதியில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். ஜெர்மானியரின் முதல் மக்களாட்சி முயற்சிக்கு விழுந்த அடி அது.

அவர் கேட்ட குடியரசு வர எழுபது ஆண்டுகள் ஆயின. 1918 இலையுதிர் காலத்தில் முதல் உலகப் போர் தோற்றுப்போன போர் என்பது ஜெர்மன் தளபதிகளுக்கே தெரிந்திருந்தது. அந்த நிலையிலும் கடைசியாக ஒருமுறை கடற்போருக்குப் போகச் சொன்னபோது மாலுமிகள் மறுத்தார்கள். கீல் துறைமுகத்தில் தொடங்கிய கலகம் சில நாட்களில் நகரம் நகரமாகப் பரவியது. நவம்பர் 9 அன்று பெர்லின் தொழிலாளர் வேலையை விட்டுத் தெருவுக்கு வந்தனர். கைசர் இரண்டாம் வில்ஹெல்ம் அப்போது பெல்ஜியத்தின் ஸ்பா நகரில், படைத் தலைமையகத்தில் இருந்தார். முடி துறக்க அவர் தயங்கிக்கொண்டே இருக்க, சான்சலர் மாக்ஸ் இளவரசர் அவருடைய ஒப்புதலுக்குக் காத்திராமல் 'கைசர் விலகிவிட்டார்' என்று நண்பகல் வாக்கில் அறிவித்தார். ஆட்சிப் பொறுப்பை சமூக ஜனநாயகக் கட்சியின் ஃபிரீட்ரிஷ் எபெர்ட் கையில் கொடுத்தார்.

எபெர்டுக்குக் குடியரசை அன்றே அறிவிக்கும் எண்ணம் இல்லை. அவருடைய தோழர் பிலிப் ஷெய்டமன் நாடாளுமன்ற உணவகத்தில் சூப் குடித்துக்கொண்டிருந்தார். வெளியே பெருங்கூட்டம். தீவிர இடதுசாரிகள் முந்திக்கொண்டு வேறொரு குடியரசை அறிவிக்கப் போகிறார்கள் என்ற செய்தி காதில் விழுந்ததும், பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய் ஜன்னலில் நின்று, பழைய முடியாட்சி வீழ்ந்தது, ஜெர்மன் குடியரசு வாழ்க என்று முழங்கினார். திரும்பி வந்தவர் மேல் எபெர்ட் சீறி விழுந்தார். அதை ஷெய்டமனே தம் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். இரண்டு மணி நேரம் போல் கழித்து, கைசரின் அரண்மனையில் நின்று தீவிர இடதுசாரிகளின் தலைவர் கார்ல் லீப்க்னெஷ்ட் சோஷலிசக் குடியரசை அறிவித்தார். ஒரே நகரில், ஒரே பிற்பகலில் இரண்டு குடியரசுகள்! மறுநாள் கைசர் நெதர்லாந்துக்குப் போனார், சாகும்வரை திரும்பவில்லை.

போரைத் தோற்றவர்கள் தளபதிகள். ஆனால் நவம்பர் 11 அன்று போர்நிறுத்தத்தில் கையெழுத்திட்டவர் மத்தியாஸ் எர்ட்ஸ்பெர்கர் என்ற அரசியல்வாதி. தளபதிகள் தோல்வியைப் புதிய குடியரசின் தலையில் கட்டினார்கள். களத்தில் தோற்காத படையை உள்நாட்டுத் துரோகிகள் முதுகில் குத்தினார்கள் என்ற கதையை அவர்கள் கட்டிவிட, 'நவம்பர் குற்றவாளிகள்' என்ற வசை ஊரெங்கும் பரவியது. எர்ட்ஸ்பெர்கரை 1921இல் வலதுசாரிகள் சுட்டுக் கொன்றனர். ஜெர்மனியை அந்தத் தோல்வியைவிட இந்தப் பொய்தான் அதிகம் அழித்தது.

அந்தப் பொய்யை முதலாக வைத்து வளர்ந்தவர் அடால்ஃப் ஹிட்லர். 1923இல் பணவீக்கம் உச்சத்துக்குப் போய், அந்த நவம்பரிலேயே ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க் என்ற நிலை வந்தது. மக்களின் வாழ்நாள் சேமிப்பு கரைந்துபோன நேரம் பார்த்து, நவம்பர் 8 இரவு மியூனிக் நகரின் பியர் மண்டபம் ஒன்றில் நடந்த கூட்டத்துக்குள் ஹிட்லர் துப்பாக்கியோடு புகுந்து புரட்சி என்று அறிவித்தார். விடிந்தபோது திட்டம் சிதறிவிட்டது. மறுநாள் நண்பகலில் சுமார் 2,000 பேர் நகரின் நடுவே அணிவகுத்தனர். ஃபெல்ட்ஹெர்ன்ஹாலே என்ற நினைவு மண்டபத்தருகே போலீஸ் மறித்தது; துப்பாக்கி வெடித்தது. நான்கு போலீஸ்காரர்களும் எதிர்த்தரப்பில் பதினாறு பேரும் செத்தனர். ஹிட்லர் தோள்மூட்டு பிசகித் தப்பியோடி, இரண்டு நாளில் பிடிபட்டார். நீதிமன்றம் ஐந்தாண்டுத் தண்டனை விதித்த பிறகு அவரை ஓராண்டுகூட உள்ளே வைக்கவில்லை. 1924 டிசம்பரில் வெளியே வந்துவிட்டார். நாட்டுக்கு எதிராக ஆயுதம் எடுத்தவனிடம் காட்டிய அந்தச் சலுகைக்கு உலகம் கொடுத்த விலையைச் சொல்ல வேண்டியதில்லை.

1933இல் ஆட்சி ஹிட்லரின் நாஜிக் கட்சி கைக்கு வந்ததும் 1923இன் அந்தத் தோல்வி தியாகத் திருநாள் ஆனது. ஆண்டுதோறும் நவம்பர் 8, 9 தேதிகளில் பழைய தோழர்கள் மியூனிக்கில் கூடினர். ஃபெல்ட்ஹெர்ன்ஹாலேயின் பக்கச் சுவரில் நினைவுச் சின்னம் வைத்து, கடந்து போகும் ஒவ்வொருவரும் கை உயர்த்தி வணங்க வேண்டும் என்றார்கள். வணங்க மனமில்லாதவர்கள் அதற்குச் சற்று முன்பே பின்புறம் உள்ள விஸ்கார்டி சந்து வழியாகத் திரும்பிப் போனார்கள். அவர்களின் நினைவாக இன்று அந்தச் சந்தின் கல்தளத்தில் வெண்கலக் கற்கள் பதித்த தடம் ஒன்று ஓடுகிறது.

1938இல் அந்த நினைவு நாளின் விருந்து நடந்துகொண்டிருந்தபோதுதான் பாரிசிலிருந்து செய்தி வந்தது. ஹெர்ஷல் கிரின்ஷ்பான் என்ற பதினேழு வயது யூத இளைஞன், ஹனோவரில் இருந்த தன் குடும்பத்தைப் போலந்து எல்லையில் கொண்டுபோய்த் தள்ளிவிட்டார்கள் என்று அறிந்து, பாரிசின் ஜெர்மன் தூதரக அதிகாரி ஒருவரை நவம்பர் 7 அன்று சுட்டிருந்தான். அந்த அதிகாரி 9ஆம் தேதி இறந்தார். ஹிட்லர் மண்டபத்தை விட்டுப் போனார். பிரச்சார அமைச்சர் கோயபல்ஸ் எழுந்து பேசினார். கட்சித் தலைவர்கள் தொலைபேசியை நோக்கி ஓடினார்கள்.

நள்ளிரவு தாண்டி பாதுகாப்புக் காவல்துறைத் தலைவர் ஹைட்ரிஷ் அனுப்பிய தந்தி உத்தரவு இன்றும் இருக்கிறது. அக்கம்பக்கத்து வீடுகளுக்குத் தீ பரவும் ஆபத்து இல்லாத இடங்களில் மட்டும் யூத ஜெபக்கூடங்களை எரிக்கலாம்; கடைகளை உடைக்கலாம், கொள்ளையடிக்கக் கூடாது; சிறையில் இடம் உள்ள அளவுக்கு யூத ஆண்களை, குறிப்பாக வசதியுள்ளவர்களை, பிடிக்க வேண்டும். மக்களின் ஆத்திரம் என்று உலகத்துக்குச் சொன்ன கலவரத்துக்கு இத்தனை கணக்கான விதிமுறை! தீயணைப்பு வண்டிகள் பக்கத்துக் கட்டடங்களுக்கு மட்டும் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டு நின்றன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜெபக்கூடங்கள் எரிந்தன அல்லது இடிந்தன. சுமார் 7,500 கடைகள் நொறுங்கின. சுமார் 30,000 ஆண்கள் டாகாவ், புகென்வால்ட், சாக்சன்ஹாசன் முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். உயிர்ச்சேதம் 91 என்றது அரசு. உண்மையில் முகாம்களிலும் தற்கொலையிலும் போனவர்களையும் சேர்த்தால் பல நூறு. அதன் பிறகு, பாதிக்கப்பட்ட யூதர்கள் மேலேயே நூறு கோடி மார்க் அபராதம் போட்டு, அவர்களுக்கு வரவேண்டிய காப்பீட்டுத் தொகையையும் அரசு பறித்துக்கொண்டது. அந்த இரவுக்குப் பின்தான் பெற்றோரைப் பிரிந்து சுமார் 10,000 பிள்ளைகள் பிரிட்டனுக்கு ரயில் ஏறினார்கள். அவர்களில் பலர் பெற்றோரை மறுபடி பார்க்கவே இல்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் கிழக்கு, மேற்கு என இரண்டாகப் பிரிந்த ஜெர்மனியில் பெர்லின் சுவர் எழுந்தது 1961 ஆகஸ்ட் 13. நகரை இருபத்தெட்டு ஆண்டுகள் அது பிளந்து நின்றது; அங்கே உயிரிழந்தவர்கள் குறைந்தது 140 பேர். 1989இல் ஹங்கேரி தன் எல்லையைத் திறந்ததும் கிழக்கு ஜெர்மானியர் ஆயிரக்கணக்கில் வெளியேறினர். அக்டோபர் 9 அன்று கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக்கில் சுமார் 70,000 பேர் ஆட்சியை எதிர்த்து மெழுகுவர்த்தியோடு நடந்தார்கள். 'வன்முறை வேண்டாம்' என்பதே அவர்கள் முழக்கம். புளூம் வாழ்ந்த ஊர் அது.

ஒரு மாதம் கழித்து, நவம்பர் 9 மாலை, ஆளும் கட்சியின் பேச்சாளர் குன்டர் ஷாபோவ்ஸ்கி பத்திரிகையாளர் கூட்டத்தின் முடிவில் ஒரு தாளைப் படித்தார். வெளிநாடு செல்லும் அனுமதியைத் தளர்த்தும் புதிய விதி அது. மறுநாள்தான் வெளியாக வேண்டும். அந்த விவரம் அவருக்குத் தெரியாது. எப்போதிலிருந்து என்று கேட்டார்கள். தாள்களைப் புரட்டிவிட்டு, தமக்குத் தெரிந்தவரை உடனடியாக, தாமதமின்றி என்றார். எட்டு மணிச் செய்தியில் எல்லை திறந்தது என்று மேற்கு ஜெர்மனி டிவி சொன்னது. மக்கள் சோதனைச் சாவடிகளுக்குத் திரண்டார்கள்.

போர்ன்ஹோல்மர் தெருச் சாவடியில் அன்றிரவுப் பொறுப்பு ஹரால்ட் யேகர் என்ற அதிகாரியிடம். உணவகத்தில் சாப்பிடும்போதே டிவியில் அந்த அறிவிப்பைக் கேட்டுத் திடுக்கிட்டவர். மேலிடத்துக்குத் திரும்பத் திரும்பத் தொலைபேசியில் பேசியும் தெளிவான உத்தரவு வரவில்லை. அதிகம் கூச்சல் போடுகிறவர்களை மட்டும் வெளியே விட்டு, அடையாள அட்டையில் படத்தின் மேலேயே முத்திரை குத்துங்கள் என்றார்கள். அந்த முத்திரை விழுந்தவர் நாடு திரும்ப முடியாது. அது தெரியாமல் போய், சிறிது நேரத்தில் வீடு திரும்ப வந்த இளம் தம்பதி ஒன்று, வீட்டில் பிள்ளைகள் தூங்குகிறார்கள் என்று கதறியது. யேகர் உத்தரவை மீறி அவர்களை உள்ளே விட்டார். வெளியே ஆயிரக்கணக்கானோர். அவரிடம் துப்பாக்கிகள் இருந்தன, எடுக்கவில்லை. இரவு பதினொன்றரை வாக்கில், தம் பொறுப்பிலேயே தடுப்பைத் திறக்கச் சொன்னார். நள்ளிரவு வாக்கில் மற்றச் சாவடிகளும் திறந்தன.

1990இல் இரு ஜெர்மனியும் இணைந்தபோது நவம்பர் 9ஐத் தேசிய நாளாக்கலாம் என்ற யோசனை எழுந்தது. ஜெபக்கூடங்கள் எரிந்த தேதியில் வாணவேடிக்கை விட முடியாது என்ற எண்ணமே வென்றது. இணைப்பு நடைமுறைக்கு வந்த அக்டோபர் 3 தேசிய நாள் ஆயிற்று. நவம்பர் 9 விடுமுறை நாள் அல்ல. அன்று எரிந்த ஜெபக்கூடங்கள் நின்ற இடங்களில் இறந்தவர்களுக்கு அஞ்சலி செலுத்துகிறார்கள். பெர்னாவர் தெருவில் எஞ்சியுள்ள சுவரின் இடுக்குகளில் ரோஜா செருகுகிறார்கள். 2021இல் குடியரசுத் தலைவர் ஃபிராங்க் வால்டர் ஸ்டைன்மையர் தம் மாளிகையில் நடத்திய நினைவு நிகழ்ச்சி 1918, 1938, 1989 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கும் சேர்த்தே நடந்தது.