நெல்லூர்க் கலெக்டரைப் பார்க்கப் போன இளைஞர்



நேர்முகத் தேர்வில் நல்ல பெயர் எடுப்பது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். சட்டையை இஸ்திரி போடு, நேரத்துக்குப் போ, வணக்கம் சொல்லு. இதையெல்லாம் உங்கள் அம்மாவே சொல்லி அனுப்புவார். இதற்கு மேடையும் மைக்கும் வேண்டாம். நான் ஒரே ஓர் ஆளைப் பற்றிச் சொல்கிறேன்.

1910-ஆம் ஆண்டின் இறுதி. நெல்லூர்க் கலெக்டர் ராமச்சந்திர ராவைப் பார்க்க ஓர் இளைஞர் வருகிறார். குள்ளம், பருத்த உடம்பு, சவரம் செய்யாத முகம், அவ்வளவாகச் சுத்தமில்லாத தோற்றம், கக்கத்தில் நைந்துபோன நோட்டு; கண்கள் மட்டும் பளபளத்தன. இப்படி எழுதி வைத்தவர் அந்தக் கலெக்டரேதான். வந்தவர் எஃப்.ஏ. என்னும் அக்காலக் கல்லூரித் தேர்வில் தோற்றவர். பெயர் ராமானுஜன். கணித மேதை என்று இன்று உலகம் கொண்டாடுகிற அதே ராமானுஜன்தான்.

அதற்காக நீங்களும் தாடியோடு போய் நிற்காதீர்கள்! அந்த நோட்டு உங்களிடம் இருந்தால் போகலாம்.

கலெக்டரும் கணக்குப் படித்தவர்தான். நோட்டைப் புரட்டினார், பிடிபடவில்லை. இவர் மேதையா, புருடா விடுகிறாரா? இன்னொரு நாள் வரச் சொன்னார். மறுபடி வந்த ராமானுஜன் என்ன செய்தார் தெரியுமா? கலெக்டருக்கு எவ்வளவு தெரியும் என்று எடை போட்டுவிட்டார். பெரிய சூத்திரங்களை ஒதுக்கிவிட்டு எளிய முடிவுகளை முதலில் காட்டினார். அங்கிருந்து படிப்படியாக மேலே கூட்டிப்போனார். கலெக்டர் அசந்துபோய், மாதம் 25 ரூபாய் தன் கைப்பணத்திலிருந்து கொடுக்க முன்வந்தார். கேட்பவருக்கு எட்டும்படி சொல்லத் தெரிவதுதான் நேர்முகத் தேர்வு. மற்றதெல்லாம் அப்புறம்.

1912 பிப்ரவரி 9-இல் சென்னைத் துறைமுகத்துக்கு ராமானுஜன் எழுதிய விண்ணப்பத்தையும் பாருங்கள். எஃப்.ஏ. வரை படித்தேன், சூழ்நிலையால் தொடர முடியவில்லை, அதன்பின் முழு நேரமும் கணிதத்துக்கே கொடுத்தேன் என்கிறார். புலம்பல் இல்லை. அரியர், இடையில் விட்ட வருடம் என்று கூசுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: நடந்ததை இரண்டு வரியில் சொல்லுங்கள், அந்த நாளில் என்ன கற்றீர்கள் என்பதற்குப் போய்விடுங்கள். மார்ச் 1-இல் அவருக்கு 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது.

அங்கே மேலதிகாரி நாராயண ஐயர். நம் திருச்சித் தெப்பக்குளம் பக்கத்துத் தூய வளனார் கல்லூரியில் முன்பு கணிதம் சொல்லிக்கொடுத்தவர்! ‘நீ எழுதும் இரண்டு வரிக்கு நடுவே பத்து வரியாவது எழுது, எனக்கே புரியவில்லையென்றால் மற்றவர் எப்படி ஏற்பார்கள்’ என்று அவர் ராமானுஜனை வற்புறுத்தியதாக ஐயரின் குடும்பத்தார் சொல்லி வந்தார்கள்.

அந்தப் பத்து வரிதான் நம் பிள்ளைகளிடம் இல்லை. முசிறியிலிருந்தும் துறையூரிலிருந்தும் பஸ் பிடித்து வந்து படித்த பிள்ளைகள். ‘உன்னைப் பற்றிச் சொல்’ என்றதும், யூடியூபில் மனப்பாடம் செய்த ஆங்கிலப் பத்தியை ஒரே மூச்சில் ஒப்பிக்கிறார்கள். ‘புராஜெக்டில் நீ செய்தது என்ன?’ என்று கேட்டால் தலைப்பை மட்டும் திருப்பிச் சொல்கிறார்கள். தம்பி, ‘வெல்டிங் வைக்கும்போது சூட்டில் தகடு வளைந்துவிட்டது சார். அதனால் ஒரே பக்கம் வைக்காமல் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி வைத்தோம்’ என்று சொல்லேன்! ஆங்கிலம் தடுக்கினால் தடுக்கட்டும். பெல்லும் பொன்மலை ஒர்க்‌ஷாப்பும் இருக்கிற ஊரில் இந்தப் பதிலின் மதிப்பு தெரியாதவர் யார்?

பெரியவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ராமச்சந்திர ராவ் முதல் நாளே கதவைச் சாத்தியிருக்கலாம். இன்னொரு நாள் வா என்றார். இந்த அவையில் பிறரை நேர்முகம் கண்டு ஓய்வுபெற்றவர்கள் இருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கொடுங்கள். இந்தப் பிள்ளைகளை எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேளுங்கள், திணறினால் அடுத்த வாரமும் வரச் சொல்லுங்கள். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்கு வாருங்கள், எழுதிக்கொள்கிறேன்.