செவிக்கும் சிக்கனத்துக்கும் ஏற்ற ஹெட்போன்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் பேச வருவோர் இலக்கியத்தையோ சமயத்தையோ எடுத்துக்கொள்வதே நம் சங்கத்தின் வழக்கம். இம்முறை வீட்டுக்குப் பயன்படும் ஒரு பொருளைப் பற்றிப் பேசுமாறு செயற்குழுவினர் பணித்தனர். பத்தாம் வகுப்போடு பள்ளிப் படிப்பை முடித்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாக ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்த்து வருகின்றோம். விஞ்ஞானி அல்லோம்; சங்கீத வித்வானும் அல்லோம். பாட்டுக் கேட்கும் ஆசையும் கணக்குப் பார்க்கும் பழக்கமும் மட்டுமே நம்மிடம் உண்டு. இவை இரண்டும் ஒருங்கே வேண்டியிருக்கும் பொருளாகிய ஹெட்போனைப் பற்றி இன்று பேச விழைகின்றோம். இதனைக் காதொலிப்பான் என்று தமிழாக்குவோர் உளர். அச்சொல் நன்றாகவே இருக்கிறது. எனினும் கடையில் அச்சொல்லைச் சொல்லிக் கேட்டால் பொருள் கிடைக்காது. ஆதலின் வழக்குச் சொல்லையே கையாளுகின்றோம்.

இக்காலனியில் இப்பொருள் ஆடம்பரம் அன்று. இரண்டு அறைக் குவார்ட்டர்ஸில் ஒருவர் இரவுப் பணி முடிந்து பகலில் உறங்குகிறார். பிள்ளை பரீட்சைக்குப் படிக்கிறான். பெரியவருக்கோ மார்கழிக் கச்சேரியைக் கேட்டாக வேண்டும். தாய்மண்ணை விட்டு இத்தனை தொலைவு வந்து வாழும் நமக்குத் தமிழ்ப் பாட்டு நாள்தோறும் வேண்டியிருக்கிறது. அதை ஒருவர் கேட்பது மற்றவருக்குத் தொல்லையாகாமல் இருப்பதற்கு இதைவிட நல்ல வழி எமக்குத் தெரியவில்லை. ஆனால் வாங்கப் போனால் சில நூறு ரூபாய் முதல் லட்ச ரூபாய் வரை விலை சொல்கிறார்கள். நடுவில் நின்று திகைக்கிறோம்.

முதலில் இதன் வரலாற்றைச் சுருங்கச் சொல்லிவிடுவோம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நத்தானியல் பால்ட்வின் என்பவர் தம் வீட்டுச் சமையலறையில் செய்த காதொலிப்பான்களை 1910இல் அந்நாட்டுக் கடற்படை வாங்கிக்கொண்டது. அவை தந்திச் செய்தி கேட்பதற்கானவை, சங்கீதத்துக்கு ஆகா. 1937இல் ஜெர்மனியில் பேயர் நிறுவனத்தார் டி.டி.48 என்னும் கருவியை வெளியிட்டனர். இன்று நாம் அணியும் பெரும்பாலானவற்றின் அமைப்பு அதனுடையதே. காந்தத்தின் இடையே ஒரு கம்பிச் சுருள், அதனோடு ஒட்டிய மெல்லிய சவ்வு. சுருளில் மின்னலை பாயச் சவ்வு அதிர்ந்து ஒலி எழும். பாட்டுக் கேட்பதற்கென்றே ஸ்டீரியோ ஹெட்போனை 1958இல் மில்வாக்கி நகரத்து ஜான் காஸ் கொண்டுவந்தார். 1968இல் சென்ஹைசர் நிறுவனத்தாரின் எச்.டி.414 முதுகு திறந்த அமைப்போடு வந்தது. 1979இல் ஜப்பானிலிருந்து வாக்மேன் வந்த பிறகு ஹெட்போன் வீட்டை விட்டுத் தெருவுக்கு இறங்கிவிட்டது. அதனால் நேர்ந்த தீமையைப் பின்னர்ச் சொல்வோம்.

இனி விஷயத்துக்கு வருவோம். கடைக்குப் போகுமுன் நாம் எதைக் கேட்கப் போகின்றோம் என்று தெளிந்துகொள்ள வேண்டும். மனிதச் செவி வினாடிக்கு 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரை உள்ள ஒலிகளைக் கேட்க வல்லது என்பர். ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆடவரின் ஆதார ஷட்ஜம் ஏறத்தாழ 130 அதிர்வு. ஐந்து கட்டையில் பாடும் பெண்டிருக்கு ஏறத்தாழ 196. அப்படியாயின் மேலே உள்ள ஆயிரக்கணக்கான அதிர்வுகளுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். தம்புராவைக் கவனியுங்கள். குதிரையில் தந்திக்கடியில் செருகும் சிறு நூலால் எழும் ரீங்காரம் முழுவதும் ஆதார சுரத்தின் மேல் அடுக்கடுக்காய் எழும் மேற்சுரங்களே. மேல் ஒலி மங்கிய ஹெட்போனில் தம்புரா இருப்பதே தெரியாது. அவ்வாறே, ரவை ஒட்டிய தொப்பியிலிருந்து கும்மென்று எழும் ஒலி கீழ் ஒலி. வலந்தலையின் கணீர் மேல் ஒலி. இரண்டும் தத்தம் அளவில் ஒலித்தால்தான் மிருதங்கம் மிருதங்கமாய் இருக்கும். கீழ் ஒலியை மட்டும் ஊதிப் பெருக்கும் ஹெட்போனில் தொப்பி பாடகரை விழுங்கிவிடும். இன்று கடைகளில் குறைந்த விலைக்குக் குவிந்திருப்பவற்றுள் பெரும்பான்மை இத்தகையனவே என்பது எமது அபிப்பிராயம். இளைஞர்கள் விரும்பும் இக்காலத் திரைப்பாட்டுக்கு அந்த அதிர்வு ஓரளவு வேண்டும். அதைக் குறை கூறோம். ஆனால் அதே கருவியை மாமனாருக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்துவிட்டு, அவர் ஏன் அணிவதில்லை என்று வியப்பதில் பயனில்லை.

பழைய இசைத்தட்டுகளின் நிலை வேறு. கிட்டப்பா 1933இலும் ராஜரத்தினம் பிள்ளை 1956இலும் மறைந்தனர். கிட்டப்பாவின் பாட்டு நமக்கு எஞ்சியிருப்பது அரக்குத் தட்டுகளில் பதிந்த அளவே. அவற்றில் மேல் ஒலி மிகக் குறைவு. ஊசியின் இரைச்சலோ மிகுதி. மேல் ஒலியைக் கூர்மையாக்கிக் காட்டும் ஹெட்போனில் பாட்டைவிட இரைச்சலே காதைத் துளைக்கும். அத்தகைய பதிவுகளை விரும்புவோர் சற்றே மிருதுவான ஒலியுடையதை நாடுவது நலம். எச்.டி.650 என்பதற்கு இப்படி மிருதுவானது என்ற பெயர் உண்டு. டி.டி.990 மேல் ஒலியை எடுத்துக் காட்டும் வகை. இரண்டும் புகழ் பெற்றவை; ஒருவருக்கு இனித்தது மற்றவருக்குக் கரிக்கும்.

இவ்விருப்ப வேற்றுமையை ஆராய்ந்தவர்களும் இருக்கின்றனர். ஹார்மன் நிறுவனத்தைச் சேர்ந்த ஷான் ஆலிவ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும், எந்தக் கருவி என்று கேட்போருக்குத் தெரியாதவாறு பலரிடம் சோதனை நடத்தினர். அதில் நூற்றுக்கு 64 பேர் ஒரே விதமான சமச்சீர் ஒலியை விரும்பினர்; 15 பேர் அதிலும் கூடுதலான கீழ் ஒலியைக் கேட்டனர்; 21 பேர் கீழ் ஒலி குறைவாக இருக்க வேண்டும் என்றனர். இக்கடைசிப் பிரிவில் பெண்களும் ஐம்பது வயது கடந்தவர்களும் மிகுதியாக இருந்தார்களாம். ஆகவே அவரவர் காதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். பெரியவருக்கு வேண்டியதை மகன் தேர்ந்தெடுப்பதும், மகனுக்கு வேண்டியதைப் பெரியவர் தேர்ந்தெடுப்பதும் வீண் செலவு.

அடுத்தது முதுகு. திறந்த முதுகுடைய ஹெட்போனில் ஒலி அடைபடாமல் வெளியேறுவதால், மேடைக்கு எதிரே அமர்ந்து கேட்பது போன்ற விரிவு கிடைக்கும், காதும் வேகாது. ஆனால் அருகில் இருப்பவருக்குப் பாட்டு நன்றாகவே கேட்கும். வெளிச் சத்தமும் உள்ளே வரும். மூடிய முதுகுடையது இதற்கு மாறானது. சங்கீதத்தை மட்டும் எண்ணினால் திறந்ததற்கே நம் வாக்கு. ஆனால் குவார்ட்டர்ஸ் நிலைமையையும் எண்ண வேண்டுமே! ஒரே அறையில் குழந்தை தூங்கும் வீட்டில் எச்.டி.600ஐ வைத்துக்கொண்டு என்ன செய்வது? அத்தகைய வீட்டாருக்கு மூடிய வகையே ஏற்றது. சோனி நிறுவனத்தாரின் எம்.டி.ஆர்.7506 என்பது 1991 முதல் ஒலிப்பதிவுக் கூடங்களில் உழைத்து வருகிறது. ஏ.டி.எச்.எம்50எக்ஸ், டி.டி.770 ஆகியனவும் மூடிய வகையே. மொட்டை மாடியிலோ தனியறையிலோ கேட்க வசதியுள்ளோர் திறந்ததை வாங்கலாம். குறைந்த விலையில் திறந்த வகை வேண்டுவோருக்கு 1984இல் வந்த போர்ட்டா ப்ரோ என்னும் சிறு கருவி உண்டு. பார்ப்பதற்கு விளையாட்டுச் சாமான் போலிருக்கும். அதனாலேயே பலர் அதை மதிப்பதில்லை.

மின்தடை பற்றியும் ஒரு வார்த்தை. பெட்டியின் மேல் ஓம் என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். எச்.டி.600க்கு அது 300 ஓம். கைப்பேசியின் சிறு மின்னழுத்தத்தில் அது போதிய உரத்தோடு ஒலிக்காது. தனியே ஒலிபெருக்கி வேண்டும். அந்தச் செலவையும் முதலிலேயே விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். ஏ.டி.எச்.எம்50எக்ஸின் மின்தடை 38 ஓம். கைப்பேசியிலேயே நன்கு ஒலிக்கும். டி.டி.770 ப்ரோவை 32, 80, 250 என மூவகை ஓம்களில் விற்கிறார்கள். எண் பெரியதாயிற்றே என்று 250ஐ வாங்கிவந்து கைப்பேசியில் மாட்டினால் சத்தம் போதாது. 2016க்குப் பிறகு வந்த கைப்பேசிகள் பலவற்றில் வயர் செருகும் துளையே இல்லை. அதற்கென்று விற்கும் சிறு மாற்றி ஒன்றை வாங்கிக்கொள்ள வேண்டும். அது பெரிய செலவன்று.

வயரில்லாத வகையை இளைஞர்கள் பெரிதும் விரும்புகின்றனர். நடமாட்டத்துக்கு அது வசதியே. புறச் சத்தத்தைத் தணிக்கும் வகை, வண்டியின் ஓயாத இரைச்சல் போன்ற கீழ் ஒலியை நன்றாகவே அடக்கும். பக்கத்து இருக்கைக்காரரின் பேச்சை அவ்வளவாக அடக்காது. ஆனால் அதன் பாட்டரி சில ஆண்டுகளில் தளரும். காதுக்குள் செருகும் சிறு மொட்டுகள் பலவற்றில் அதை மாற்றவே இயலாது. பாட்டரி போயிற்றென்றால் பொருளும் போயிற்று.

இது நம்மை விலைக்குக் கொண்டுவந்து விடுகிறது. 2017இல் ஜெரோன் பிரேபார்ட் என்னும் ஆராய்ச்சியாளர் 283 ஹெட்போன்களின் ஒலி அளவீடுகளை அவற்றின் விலையோடு வைத்து ஒப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். எந்த ஒலி எவ்வளவு உரத்துக் கேட்கிறது என்பதற்கும் விலைக்கும் இடையே யாதொரு தொடர்பும் காணவில்லை என்பது அவர் கண்ட முடிவு. விலை ஏற ஏறச் செய்நேர்த்தியும் அணியும் சுகமும் உயரலாம். பெயருக்காகவும் ஒரு பங்கு கொடுக்கின்றோம். நமக்கு இனிக்கும் ஒலிக்கு மட்டும் விலைச்சீட்டு ஜாமீன் ஆகாது. மாதச் சம்பளக்காரர் தவணை முறையில் ஐம்பதாயிரத்துக்கு ஹெட்போன் எடுப்பது எமக்கு உடன்பாடன்று.

மிக மலிவானதை வாங்குவதும் சிக்கனம் ஆகாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,500 ரூபாய்ப் பொருள் ஆண்டுக்கொருமுறை வயர் அறுந்தோ மடிப்பு ஒடிந்தோ போகிறதென்று கொள்ளுங்கள். பத்தாண்டில் 15,000 ரூபாய். அதற்கு மாறாக 6,000 ரூபாய்ப் பொருள் ஒன்றை வாங்கி, 800 ரூபாய் வீதம் மும்முறை காதுமெத்தை மாற்றினாலும் 8,400தான் ஆகும். ஆகவே கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: வயரைக் கழற்றி மாற்றலாமா, காதுமெத்தை தனியே கிடைக்குமா? 1997இல் வெளிவந்த எச்.டி.600 இன்றும் மதிப்போடு நிலைப்பதற்கு ஒலி ஒரு காரணம். அதன் உறுப்புகளைக் கழற்றி மாற்ற முடிவது மற்றொரு காரணம்.

கடையில் கேட்டுப் பார்க்கும்போது நன்கு பழகிய இரண்டு மூன்று பாட்டுகளைக் கையோடு கொண்டுபோங்கள். கடைக்காரர் போடும் பாட்டு அவருடைய சரக்குக்கு ஏற்ற பாட்டாகவே இருக்கும். இரண்டு கருவிகளை ஒப்பிடும்போது சத்தம் சம அளவில் இருக்கட்டும். சற்று உரக்க ஒலிப்பது சிறந்ததாகத் தோன்றுவது செவியின் இயல்பு. பத்து நிமிடமாவது தலையில் வைத்திருந்து, அழுத்துகிறதா என்று பாருங்கள். மூக்குக் கண்ணாடி அணிவோர் அதனோடேயே அணிந்து பார்க்க வேண்டும். கம்மலும் ஜிமிக்கியும் அணியும் தாய்மார்களுக்குக் காதின் மேல் படியும் சிறு வகை நோகும். காதைச் சுற்றி மூடும் வகையே இதம்.

இதுவரை சொன்னது பணத்தைப் பற்றியது. இனிச் சொல்வது அதனினும் பெரிது. உலக சுகாதார நிறுவனத்தார் 2019இல் வெளியிட்ட நெறிப்படி, பெரியவர்கள் 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். குழந்தைகளுக்கு 75 டெசிபலே எல்லை. மூன்று டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகும். 83க்கு 20 மணி. 86க்கு 10 மணி. 89க்கு ஐந்தே மணி. உட்செவியில் உள்ள நுண்மயிர்ச் செல்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. கேட்டு முடித்தபின் காதில் ஒரு ரீங்காரம் நின்றால் அது தம்புரா அன்று. சத்தம் மிஞ்சியதற்கு அடையாளம். வெளிச் சத்தத்தை மூடும் நல்ல ஹெட்போன் இங்கேயும் உதவும். அதை அணிவோர் சத்தத்தைக் கூட்ட வேண்டிய அவசியம் குறைகிறது.

ரயில்வேக்காரர் என்ற முறையில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2018 ஏப்ரல் 26ஆம் நாள் உத்தரப் பிரதேசத்துக் குஷிநகர் மாவட்டத்தில், ஆளில்லாத கடவில் பள்ளி வண்டி ஒன்று ரயிலில் மோதி 13 குழந்தைகள் மாண்டனர். ஓட்டுநரின் காதில் இயர்போன் இருந்ததாக அப்போது செய்திகள் கூறின. 2019 ஜனவரி இறுதிக்குள் அகலப் பாதையில் ஆளில்லாக் கடவுகள் யாவும் நீக்கப்பட்டன. ஆனால் யார்டைக் குறுக்கே கடக்கும் ஒற்றையடிப் பாதைகளை எந்த உத்தரவும் நீக்கவில்லை. நம் பிள்ளைகள் டியூஷனுக்கும் கடைக்கும் அவ்வழியேதான் போகிறார்கள். நீராவி எஞ்சின் முழங்கிக்கொண்டு வந்தது. இன்றைய மின்சார எஞ்சின் அவ்வாறு வருவதில்லை. வெளிச் சத்தத்தை அடக்கும் கருவி ஹாரனையும் மங்கச் செய்யும். காலனிக் கேட்டைத் தாண்டும்போது ஹெட்போன் பைக்குள் போய்விட வேண்டும் என்பதை ஒவ்வொரு வீட்டிலும் இன்றிரவே சொல்லிவிடுங்கள்.

இறுதியாகச் செயற்குழுவினருக்கு ஒரு விண்ணப்பம். நம் ஊர்க் கடைகளில் பெட்டியைப் பிரித்துக் கேட்க விடுவதில்லை; வாங்கியவரோ பிடிக்காவிட்டாலும் வைத்துக்கொள்கிறார். சங்க நூல்நிலையத்தில் திறந்த வகையில் ஒன்றும் மூடிய வகையில் ஒன்றுமாக இரண்டு ஹெட்போன்களை வாங்கி வைத்தால், அங்கத்தினர் யாவரும் தத்தம் பாட்டைப் போட்டுக் கேட்டு, தங்களுக்கு எது ஏற்றது என்று அறிந்தபின் பணம் செலவிடலாம். மலர் விளம்பர வருவாயில் மிஞ்சும் தொகையிலிருந்து இதற்கு ஒதுக்க இயலுமா என்பதைப் பொருளாளர் அடுத்த கூட்டத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொண்டு அமர்கின்றோம்.