கல்லில் எழுதிய சிரிப்பு

சிரிப்பூட்டும் சித்திரம் என்றால், ஒரு கணம் பார்த்து நகைத்துவிட்டு மறந்துவிடத் தக்கது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். ஓவியக்கூடத்தில் மாட்டும் படம் வேறு, பத்திரிகையில் வரும் கேலிப்படம் வேறு என்று பிரித்தும் வைத்திருக்கிறோம். இப்பிரிவினை எவ்வளவு தூரம் பொருந்தும்? பிரெஞ்சு ஓவியர் ஒனொரே தோமியேயின் கதையைக் கேட்டபின் நீங்களே முடிவு செய்யுங்கள்.

1808-இல் பிறந்த தோமியே தமக்கென்று தேர்ந்துகொண்ட கலை, கல்லச்சு. எண்ணெயும் நீரும் ஒட்டா என்பதே அதன் தத்துவம். வழவழப்பான சுண்ணாம்புக் கல்லின்மீது எண்ணெய்ப் பசையுள்ள கோலால் படம் வரைவார்கள். அதைப் பதப்படுத்தி, கல்லை நீரால் நனைத்து, மை தடவினால், மை கோட்டிலே பற்றும், ஈரத்தில் பற்றாது. மரத்தில் செதுக்கும் முறையில் செதுக்குவோன் ஒருவன் இடையே வருவதுண்டு. கல்லச்சிலோ ஓவியன் கை இட்ட கோடே காகிதத்தில் இறங்குகிறது. ஒரு படம் பல நூறு பிரதிகளாகி, சாமானியர் கைக்கும் எட்டுகிறது.

எட்டியதுதான் ஆபத்தாயிற்று! 1831-இல் மன்னர் லூயி பிலிப்பை ஒரு பெருந்தீனிப் பூதமாகத் தோமியே வரைந்தார். ஏழைகள் கூடைகூடையாய்ப் பணம் சுமந்து, நாக்குப்போல் நீண்ட பலகைமீது ஏறி, மன்னர் வாயில் கொட்டுகிறார்கள். விளைவு, 1832-இல் ஆறு மாதச் சிறைத்தண்டனை. அப்படியும் அவர் கை ஓயவில்லை. 1835-இல் வந்த புதிய சட்டமோ, அரசின் முன்அனுமதி இன்றி எந்தச் சித்திரமும் வெளிவரலாகாது என்று வாயிலையே அடைத்துவிட்டது.

வேறொருவராயின் எழுதுகோலைக் கீழே வைத்திருப்பார். தோமியே, அரண்மனையை விட்டுத் தெருவைப் பார்த்தார். ‘ஷாரிவாரி’ என்ற பத்திரிகையில், வாய்ச்சொல் வீரரான வழக்கறிஞர்கள், வாடகைக்கு வீடு தந்தோரும் குடியிருப்போரும், புதிதாய் வந்த ரயிலில் நெருக்குண்டு தவிக்கும் பயணிகள் என்று நகர வாழ்க்கை முழுவதையும் வரைந்து தள்ளினார். அவர் வரைந்த கல்லச்சுப் படங்கள் ஏறக்குறைய நாலாயிரம்!

1862-இல் வெளிவந்த படம் ஒன்றைப் பாருங்கள். நதார் என்ற புகைப்படக் கலைஞர் பலூன் கூடையில் நின்று, தொப்பி பறக்கப் பறக்கப் படம் பிடிக்கிறார். புகைப்படத்தைக் கலையின் உயரத்துக்கே அவர் தூக்குகிறார் என்பது தலைப்பின் குறும்பு. கீழே உள்ள பாரிஸ் நகரத்தில் ஒவ்வொரு கட்டடத்திலும் ‘புகைப்படம்’ என்ற சொல்லே எழுதியிருக்கிறது. கையில் கைப்பேசியோடு கோயிலிலும் கடற்கரையிலும் நம்மை நாமே படம் பிடித்துக்கொள்ளும் நாம், அந்தப் படத்தைக் கண்டு பிறரை நினைத்துச் சிரிக்க முடியுமா?

மன்னரைக் கேலி செய்த படத்தை விளங்கிக்கொள்ள இன்று வரலாற்றுப் புத்தகம் வேண்டும். மனிதரைக் கேலி செய்த படத்துக்கு விளக்கம் எதுவும் வேண்டாம். கண்ணாடி பார்த்த அனுபவம் போதும். இங்கிலாந்தில் 1968-இல் பிறந்த டேவிட் ஷ்ரிக்லி, குழந்தை கிறுக்கியதுபோன்ற கோடுகளால் இன்றைய வாழ்வின் அசட்டுத்தனங்களை அச்சுச் சித்திரங்களாக ஆக்கிவருவதும் இந்த வழியில்தான்.

ஆகவே மாணவ நண்பர்களே, இனி ஒரு வேடிக்கைச் சித்திரத்தைக் கண்டால், முதலில் சிரியுங்கள். சிரித்து முடித்தபின், அதில் இருப்பவர் யார் என்று மறுபடியும் ஒருமுறை பாருங்கள்.